ஃபுல் சிக்னல் காட்டுது, நெட் மட்டும் ஓடல: வைஃபை கேள்வி பதில்

வைஃபை கோளாறு பத்தி என்ன வேணா கேளுங்கன்னு போன இதழ்ல போட்டிருந்தோம். வந்த கேள்விகள்ல நிறைய "ரூட்டர மாத்திட்டேன், ஆனாலும்..." அப்படின்னுதான் ஆரம்பிக்குது. எது கெட்டுப்போச்சுன்னு பாக்காமலே பொருள மாத்திடுறோம், காசும் போகுது கோளாறும் அப்படியே இருக்குது. அதனால இந்தத் தடவ, கோளாறு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறது சம்பந்தமான கேள்விகளா பாத்து எடுத்திருக்கேன்.

கேள்வி: அண்ணா, நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறேன். வயர்லெஸ் நெட்வொர்க்ல வர்ற பிரச்சனைய கண்டுபிடிக்கிற வேலைக்குப் போகணும்னு ஆசை. யூடியூப்ல ஆளுக்கொரு சாஃப்ட்வேர் பேர் சொல்றாங்க. எதுல ஆரம்பிக்கிறது, நிறைய செலவு ஆகுமா?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: தங்கச்சி, சாஃப்ட்வேர் பேரெல்லாம் இப்போதைக்கு ஓரமா வச்சிருங்க. ஒரு ஆண்ட்ராய்டு ஃபோன், ஒரு லேப்டாப், ஒரு லேன் கேபிள், ஒரு நோட்டு, இந்த நாலும் இருந்தாலே ஆறு மாசம் தாராளமா பழகலாம்.

மொத வேலை, கோளாறு ரூட்டருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு பிரிக்கிறது. இந்தப் பக்கம்னா லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவுல இருக்குற காத்து, அந்தப் பக்கம்னா ரூட்டர்லேர்ந்து வெளிய போற லைன். கமாண்ட் ப்ராம்ப்ட்ட ரெண்டு தடவ தொறந்து வைங்க, ஒண்ணுல ரூட்டரோட ஐபி அட்ரஸுக்கு (பல வீட்ல 192.168.1.1) நிக்காம பிங் ஓட விடுங்க (பிங்னா சின்னதா ஒரு செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்குற கமாண்ட்), இன்னொண்ணுல வெளிய இருக்குற கூகுள் சர்வரான 8.8.8.8க்கு ஓட விடுங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அஞ்சு நிமிஷம் சும்மா பாருங்க. ரூட்டருக்குப் போறது 2, 3, 2, 4 மில்லிசெகண்ட்னு அமைதியா வந்து, 8.8.8.8க்குப் போறது மட்டும் எகிறிக் குதிச்சா வைஃபை மேல தப்பில்ல, லைன்காரங்களக் கூப்பிடுங்க. ரூட்டருக்குப் போறதே 3, 2, 190, 3, அப்புறம் டைம் அவுட்டுன்னு வந்தா கோளாறு காத்துல. சந்தேகம் இருந்தா லேன் கேபிள சொருகி அதே டெஸ்ட்ட மறுபடி பண்ணுங்க, கேபிள்ல சுத்தமா வந்து வைஃபைல மட்டும் குதிச்சா முடிஞ்சது கதை. இந்த ஒண்ண ஒழுங்கா பண்ணத் தெரிஞ்சாலே பாதிக் கோளாறுக்கு வழி தெரிஞ்சுடும்.

ரெண்டாவது, சிக்னல கோடா பாக்காம நம்பரா படிக்கப் பழகுங்க. ஃபோன்ல காட்டுற நாலு கோடு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு, அத நம்பி முடிவெடுக்க முடியாது. டிபிஎம்னு ஒரு அளவு இருக்கு, 0 டிபிஎம்னா ஒரு மில்லிவாட், அங்கேர்ந்து கீழ இறங்க இறங்க மைனஸ். ரூட்டருக்குப் பக்கத்துலயே நின்னா மைனஸ் 30 இல்ல 40 காட்டும், வீடியோ கால் தடங்கல் இல்லாம ஓட மைனஸ் 67 வரைக்கும் இருக்கணும்னு இந்த வேலை பாக்குறவங்க வச்சுக்குவாங்க, மைனஸ் 80 போயிட்டா தொட்டும் தொடாம நிக்குதுன்னு அர்த்தம். இதுல முக்கியமா மனசுல வைக்க வேண்டியது, 3 குறைஞ்சா பவர் பாதி, 10 குறைஞ்சா பத்துல ஒண்ணு. மைனஸ் 50 இருந்தது மைனஸ் 70 ஆயிடுச்சுன்னா ஏதோ 20 குறைஞ்சதுன்னு நினைக்காதீங்க, நூறுல ஒரு பங்கா சுருங்கிடுச்சு. அதோட சுத்தி இருக்குற இரைச்சலையும் சேத்துப் பாக்கணும். இரைச்சல் மைனஸ் 95, சிக்னல் மைனஸ் 67னா நடுவுல 28 இருக்கு, நல்லாருக்கும். இரைச்சல் மைனஸ் 80க்கு ஏறிடுச்சுன்னா அதே மைனஸ் 67ம் பத்தாது.

ஃபோன்ல வைஃபை அனலைசர் மாதிரி ஆப் ஒண்ணு போட்டு, வாசல், ஹால், அடுப்படி, மாடி, ஒவ்வொரு இடத்துலயும் நின்னு நோட்டுல எழுதுங்க. ஒரு விஷயம், ஆண்ட்ராய்டு 9லேர்ந்து ஒரு ஆப் ரெண்டு நிமிஷத்துக்கு நாலு தடவதான் ஸ்கேன் பண்ண முடியும், அது தெரியாம வீடு முழுக்க நடந்துட்டு நம்பர் மாறவே இல்லையேன்னு குழம்புவாங்க. டெவலப்பர் ஆப்ஷன்ல வைஃபை ஸ்கேன் த்ராட்லிங்னு இருக்கும், பல ஃபோன்ல அத ஆஃப் பண்ணிக்கலாம். ஐஃபோன்ல சும்மா ஏதோ ஒரு ஆப்ப போட்டு இப்படிப் பாக்க முடியாது, ஏர்போர்ட் யுட்டிலிட்டிங்குற ஆப்ல மட்டும் ஸ்கேனர ஆன் பண்ணிக்கிட்டு பாக்கலாம். மேக் வச்சிருந்தா ஆப்ஷன் கீய அழுத்திக்கிட்டே மேல இருக்குற வைஃபை படத்த க்ளிக் பண்ணுங்க, சிக்னல், இரைச்சல், சேனல் (ரூட்டர் பேசுற அலைவரிசையோட நம்பர்) எல்லாத்தையும் அதுவே காட்டும். விண்டோஸ்ல அட்மினா கமாண்ட் ப்ராம்ப்ட் தொறந்து "netsh wlan show wlanreport" அடிச்சீங்கன்னா கடைசி மூணு நாள்ல எப்ப கனெக்ட் ஆச்சு, எப்ப எதனால கட் ஆச்சுன்னு ஒரு ரிப்போர்ட் வரும், இவ்வளவு நல்ல விஷயம் ஓசியா உள்ளயே இருக்குறது பல பேருக்குத் தெரியல.

சர்ட்டிஃபிகேட் பத்தி நீங்க கேக்கல, ஆனா அடுத்து அதத்தான் கேப்பீங்க. பொதுவான நெட்வொர்க் அடிப்படைக்கு சிஸ்கோ கம்பெனியோட சிசிஎன்ஏ படிங்க, வயர்லெஸ்லயே ஆழமா போகணும்னா சிடபிள்யூஎன்ஏ, அதுக்கு மேல பாக்கெட்ட (நெட்வொர்க்ல டேட்டா போற சின்னச் சின்னத் துண்டு) பிரிச்சுப் படிக்கிறதுக்குன்னே சிடபிள்யூஏபின்னு இருக்கு. பரீட்சை ஃபீஸ் கொஞ்சம் பெருசு, வேலைல சேந்தப்புறம் எழுதிக்கலாம், பாடத்த இப்பவே படிச்சு வைங்க.

கேள்வி: எங்க அபார்ட்மென்ட்ல ஆப் போட்டுப் பாத்தா எல்லார் ரூட்டரும் சேனல் 1, 6, 11லதான் குவிஞ்சு கிடக்கு. 3ம் 4ம் காலியா இருந்துச்சு, அதனால 3ல போட்டேன். முன்ன இருந்தத விட மோசமாயிடுச்சே, ஏன்?
(ஐடி ஊழியர், மடிப்பாக்கம்)

பதில்: காலியா இருக்குன்னு தோணுது பாருங்க, அங்கதான் ஏமாந்துட்டீங்க, ஆனா இது எல்லாரும் பண்றதுதான். 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல ஒரு சேனலுக்கும் அடுத்த சேனலுக்கும் நடுவுல 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஆனா ரூட்டர் பேசுறதுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேணும். அப்ப 3ல உக்காந்தா 1ல இருக்குறவன் மேலயும் பாதி ஏறுது, 6ல இருக்குறவன் மேலயும் கொஞ்சம் ஏறுது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம வைக்கணும்னா 1, 6, 11 மூணுதான் வழி.

சரி, ஏற்கனவே பத்து பேர் இருக்குற 6ல போய் பதினோராவதா சேந்தா எப்படி நல்லாருக்கும்னு கேப்பீங்க. வைஃபை பேசுறதுக்கு முன்னாடி காது குடுத்துக் கேக்கும், யாராவது பேசிக்கிட்டு இருந்தா முடியுற வரைக்கும் நிக்கும். ஒரே சேனல்ல இருந்தா அடுத்த வீட்டு ரூட்டர் பேசுறது இதுக்குப் புரியும், மைனஸ் 82 அளவுக்கு மெல்லிசா கேட்டாலும் நின்னு வழி விடும். பக்கத்து சேனல்லேர்ந்து வழிஞ்சு வர்றது புரியாது, வெறும் இரைச்சலாதான் தெரியும், அந்த இரைச்சல் மைனஸ் 62 அளவுக்குப் பலமா வந்தாதான் நிக்கும், அதுக்குக் கீழன்னா கண்டுக்காம பேச ஆரம்பிச்சுடும். திண்ணைல நாலு பேர் இருந்தா ஒருத்தர் முடிச்சதும் ஒருத்தர் பேசலாம், அதுவே அடுப்படில மிக்சி ஓடிக்கிட்டு இருந்தா நீங்க பேசுறது போய்ச் சேராது, திரும்பத் திரும்ப சொல்லணும். உங்க 3ம் நம்பர் சேனல்ல நடக்குறது அந்த மிக்சி கதைதான்.

1, 6, 11ல எதுல உங்க வீட்டுக்குள்ள கேக்குற சத்தம் கம்மின்னு பாத்து அதுல போடுங்க, அகலத்த 40ல வச்சிருந்தா 20க்கு மாத்துங்க. ஃபோனும் லேப்டாப்பும் 5 ஜிகாஹெர்ட்ஸ் எடுக்கும்னா அதுக்குக் கொண்டு போயிடுங்க, நம்ம நாட்டுல 2018ல அந்தப் பக்கம் நிறைய இடம் லைசென்ஸ் இல்லாம தொறந்து விட்டிருக்காங்க, சேனல் நிறைய. செவுரத் தாண்டுறதுல அது கொஞ்சம் பலவீனம், ஆனா அபார்ட்மென்ட்ல அதுவே நல்லது, பக்கத்து வீட்டு சத்தமும் உள்ள வராது. அப்புறம் இந்த 5 வேற, மொபைல்ல சொல்ற 5ஜி வேற, ரெண்டையும் ஒண்ணாக்கிப் பேசிக் குழப்பிக்காதீங்க.

கேள்வி: பையன் படிக்கிற ரூம்ல சிக்னல் ஃபுல்லா காட்டுது. ஆன்லைன் க்ளாஸ்ல டீச்சர் பேசுறது இவனுக்கு நல்லா கேக்குது, இவன் பேசுறது மட்டும் அவங்களுக்கு விட்டு விட்டுக் கேக்குதாம். மைக் கெட்டுப்போச்சுன்னு ஹெட்ஃபோன் ரெண்டு வாங்கியாச்சு.
(குடும்பத் தலைவி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, இனிமே ஹெட்ஃபோன் வாங்காதீங்க. கோயில் திருவிழால குழாய் ஸ்பீக்கர் கட்டுறாங்கல்ல, அதுல பேசுறது ஊர்க்கோடி வரைக்கும் கேக்கும், ஆனா ஊர்க்கோடில திண்ணைல உக்காந்து நீங்க பதில் சொன்னா மைக் பிடிச்சிருக்குறவருக்குக் கேக்காது. ரூட்டர் அந்தக் குழாய் மாதிரி, டேப்லெட், ஃபோன்லாம் சின்ன பேட்டரில ஓடுற சின்னக் குரல். உங்களுக்குத் தெரியுற ஃபுல் கோடு ரூட்டரோட குரல் எவ்வளவு வருதுங்குறதுதான், பையனோட டேப்லெட் பேசுறது ரூட்டருக்குப் போய்ச் சேருதாங்குறது அதுல தெரியாது. கடைக்காரங்க பவர் அதிகமா இருக்குற ரூட்டர் வாங்குங்கன்னு சொல்லலாம், பவர மட்டும் ஏத்துனா குழாய் இன்னும் பலமா கத்தும், அவ்வளவுதான்.

ரூட்டர் எங்க இருக்குன்னு பாருங்க. டிவி ஸ்டாண்டுக்குள்ளயோ பீரோவுக்குப் பின்னாலயோ இருந்தா வெளிய எடுங்க, இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணி ட்ரம் இதெல்லாம் அலைய நல்லா தடுக்கும். ஹால்ல ஆள் உயரத்துக்கு மேல வைங்க. அப்படியும் சரியாகலன்னா பையன் ரூமுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து (100 மீட்டர் வரைக்கும் தாராளமா போகும்) அந்த முனைல சின்னதா ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிள்ல வர்ற நெட்ட வைஃபையா விடுற பெட்டி) போடச் சொல்லுங்க. எக்ஸ்டெண்டர் வாங்கவே கூடாதுன்னு சொல்லல, ஆனா சாதாரண எக்ஸ்டெண்டர் கேட்டதையே அதே சேனல்ல திரும்பச் சொல்றதால வேகம் சுமாரா பாதியாயிடும், அதுவும் சிக்னல் செத்துப்போன ரூம்ல கொண்டு போய் சொருகினா அது கேக்குறதே அரைகுறை, எதத் திரும்பச் சொல்லும்? ரூட்டருக்கும் ரூமுக்கும் நடுவுல சொருகணும்.

இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி மொத பதில்ல சொன்ன பிங் டெஸ்ட்ட வீட்ல லேப்டாப் இருந்தா அந்த ரூம்லயே வச்சு ஒரு தடவ பண்ணிடுங்க. லைன்ல அப்லோடு மட்டும் மோசமா இருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும்.

கேள்வி: ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். புது ஹார்ட் டிஸ்க் சொருகினதுலேர்ந்து வைஃபை டாங்கிள் கட் ஆகுது, வயர்லெஸ் மவுஸும் குதிக்குது.
(கடை உரிமையாளர், கரூர்)

பதில்: யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்தானே, நீல சாக்கெட்ல சொருகியிருப்பீங்க. யூஎஸ்பி 3.0 வேகமா ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கக்கும், இன்டெல் கம்பெனியே 2012ல இதப் பத்தி அறிக்கை வெளியிட்டாங்க. டாங்கிளுக்கு ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ஹார்ட் டிஸ்க்லேர்ந்து தள்ளி வைங்க, இல்லன்னா 5 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிள் வாங்கிக்குங்க.

கேள்வி: வீட்ல 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை பேரே திடீர்னு ஒரு நிமிஷம் காணாமப் போகுது, அப்புறம் தானா வந்துடுது. ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகல, லைட்டெல்லாம் அப்படியே எரியுது.
(வாசகர், பல்லாவரம்)

பதில்: ரூட்டருக்குள்ள போய் சேனல் நம்பரப் பாருங்க. 52லேர்ந்து 144க்குள்ள இருந்தா அது ரேடாரோட பங்கு போட்டுக்குற இடம். ரேடார் மாதிரி ஏதாவது கேட்டா ரூட்டர் 10 செகண்டுக்குள்ள அந்த சேனல விட்டு வெளிய வந்தாகணும், அடுத்த சேனலும் அதே வகைன்னா 60 செகண்ட் சும்மா கேட்டுப் பாத்துட்டுதான் பேச ஆரம்பிக்கலாம், விட்டுட்டு வந்த சேனலுக்கு 30 நிமிஷம் திரும்பப் போகக் கூடாது. உங்க ஒரு நிமிஷம் அந்த 60 செகண்டாத்தான் இருக்கும். நிஜ ரேடாரா இல்லாம ரூட்டர் தப்பா புரிஞ்சுக்கிட்டதாவும் இருக்கலாம். ஆட்டோவுல விடாம 36, 40, 44, 48 இல்ல 149லேர்ந்து 161க்குள்ள ஒண்ண நிலையா போட்டுட்டு ஒரு வாரம் பாருங்க.

கேள்வி: சார், வயர்ஷார்க் போட்டேன். என் லேப்டாப்போட பாக்கெட் மட்டும்தான் வருது, காத்துல போற மத்தது எதுவும் தெரியல. அப்படியே தெரிஞ்சாலும் வரி வரியா ஓடுதே, எதப் பாக்குறதுன்னு புரியல.
(பாலிடெக்னிக் மாணவர், ஈரோடு)

பதில்: தம்பி, பாக்கெட்டப் பிடிச்சுப் பாக்குற சாஃப்ட்வேர்ல வயர்ஷார்க் நல்ல தேர்வு, 1998ல ஜெரால்ட் கோம்ப்ஸ்ங்குறவர் எதீரியல்னு பேர் வச்சு வெளிய விட்டது, 2006லதான் இந்தப் பேர் வந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் ஓசி. உங்களுக்குத் தெரியாததுக்குக் காரணம் வைஃபை கார்டு மானிட்டர் மோடுல (காத்துல போற எல்லாத்தையும் கேக்குற மோடு) இல்ல. சாதாரண மோடுல கார்டு தனக்கு வர்றத மட்டும் எடுத்து, அதையும் கேபிள்ல வந்த மாதிரி மாத்திக் குடுக்கும். விண்டோஸ்ல இத மாத்துறது பெரும் பாடு, பென் டிரைவ்ல லினக்ஸ் போட்டு பூட் பண்ணுங்க. மானிட்டர் மோடு எடுக்குற சிப்பான்னு பாத்து யூஎஸ்பி கார்டு வாங்குங்க, அட்டைப் பெட்டில போட்டிருக்குற வேகத்தப் பாத்து வாங்காதீங்க. இன்னும் ரெண்டு விஷயம், கார்டு ஒரு நேரத்துல ஒரு சேனலத்தான் கேக்கும், ரூட்டர் இருக்குற சேனல்ல அத நிறுத்தி வைக்கணும். பழைய கார்டால வைஃபை 6 ரூட்டர் அனுப்புற டேட்டாவப் படிக்க முடியாது, ரூட்டரோட அறிவிப்பான பீக்கன் மட்டும் தெரியும், டேட்டாவே போகலன்னு தப்பா முடிவு பண்ணிடுவீங்க.

எதப் பாக்குறதுன்னா, ஒரு ஃபோன் வைஃபைல சேருற வரிசைய மனப்பாடமா வச்சுக்குங்க. ரூட்டர் நான் இங்க இருக்கேன்னு செகண்டுக்கு சுமார் பத்து தடவ பீக்கன் விடும், ஃபோன் ஆதென்டிகேஷன் கேக்கும், அசோசியேஷன் கேக்கும், அப்புறம் பாஸ்வேர்ட ஒத்துப் பாக்க நாலு மெசேஜ் போகும் வரும், அதுக்கப்புறம் டிஹெச்சிபில (ரூட்டர் தானா அட்ரஸ் குடுக்குற முறை) ஐபி வாங்கும், அப்புறம்தான் நெட். எந்தப் படில நிக்குதுன்னு பாத்தா காரணம் பாதி தெரிஞ்சுடும். அசோசியேஷன்லயே மறுத்தா ரூட்டர் நிரம்பிடுச்சு இல்ல உங்கள ஃபில்டர் பண்ணி வச்சிருக்கு. நாலு மெசேஜ்ல மொத ரெண்டே திரும்பத் திரும்ப வந்து மூணாவது வரவே இல்லன்னா அனேகமா பாஸ்வேர்ட் தப்பு. சேந்தப்புறம் ஸ்லோன்னா ரீட்ரைங்குற பிட்ட ஃபில்டர் பண்ணி எத்தனை பாக்கெட் திரும்ப அனுப்புனதுன்னு பாருங்க, பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா விட்டுடலாம், இருபதத் தாண்டினா சேனல் நெரிசல், இரைச்சல், தூரம் இதுல ஒண்ணு.

எல்லாத்துக்கும் மானிட்டர் மோடு தேவையும் இல்ல, இதச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. சில வருஷம் முன்ன ஒரு கல்யாண மண்டபத்துல லைவ் போடுற லேப்டாப் வைஃபைல சேரவே மாட்டேங்குது, ஃபுல் சிக்னல், ஐபி வாங்குறேன் வாங்குறேன்னு சுத்திக்கிட்டே இருக்கு, முந்தின நாள் ரிசப்ஷன் வரைக்கும் ஓடிச்சாம். வெளியூர் சொந்தக்காரங்க லைவுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க, கெட்டி மேளத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். நான் சேனல மாத்தினேன், ஆக்சஸ் பாயின்ட்ட மேடைகிட்ட கொண்டு வந்தேன், எதுவும் ஆகல. கடைசில லேன் கேபிளையே சொருகினேன், அதுலயும் ஐபி வரல. அப்பதான் இது காத்துல இருக்குற கோளாறே இல்லன்னு உறைச்சுது. வயர்ஷார்க்க சாதாரணமா ஓட விட்டுப் பாத்தா, டிஸ்கவர் (அட்ரஸ் குடுன்னு லேப்டாப் கேக்குறது), 4 செகண்ட் கழிச்சு டிஸ்கவர், 8 செகண்ட் கழிச்சு டிஸ்கவர், 16 கழிச்சு இன்னொண்ணு, ஒண்ணுக்குக்கூட ஆஃபர் (இந்தா அட்ரஸ்னு ரூட்டர் சொல்ற பதில்) வரல. பொறுத்துப் பாத்துட்டு விண்டோஸ் தானா 169.254ன்னு ஆரம்பிக்குற ஒரு அட்ரஸப் போட்டுக்குச்சு. ரூட்டருக்குள்ள போய்ப் பாத்தா குடுக்குறதுக்கு வச்சிருந்தது 100லேர்ந்து 199 வரைக்கும் மொத்தம் நூறு அட்ரஸ், லீஸ் (ஒரு அட்ரஸ ஒருத்தருக்கு ஒதுக்கி வைக்கிற நேரம்) 24 மணி நேரம். பாஸ்வேர்ட் செவுத்துல ஒட்டியிருந்ததால ராத்திரி ரிசப்ஷனுக்கு வந்தவங்க ஃபோனெல்லாம் ஆளுக்கொண்ணு வாங்கிட்டு வீட்டுக்குப் போயிடுச்சு, ஆனா ரூட்டர் கணக்குல இன்னும் மண்டபத்துலயே இருக்காங்க. லீஸ ஒரு மணி நேரமாக்கி, அட்ரஸ் எண்ணிக்கையக் கூட்டி, பழைய பட்டியல அழிச்சதும் அடுத்த டிஸ்கவருக்கே ஆஃபர் வந்துடுச்சு. மொதல்லயே கேபிள சொருகிப் பாத்திருந்தா சேனல மாத்தினதுல போன நேரம் மிச்சமாயிருக்கும், அன்னைலேர்ந்து எங்க போனாலும் மொத வேலை அதுதான்.

கேள்வி: பழகுறதுக்காக பக்கத்து வீட்டு வைஃபைய கேப்சர் பண்ணி பாஸ்வேர்ட் கண்டுபிடிச்சுப் பாக்கலாமா? யாருக்கும் கெடுதல் பண்ண மாட்டேன்.
(பெயர் வேண்டாம், சேலம்)

பதில்: கூடாது. பக்கத்து வீட்டு பீக்கன் உங்க ஸ்க்ரீன்ல தானா வந்து விழும், எந்த சேனல், எவ்வளவு சிக்னல்னு அதுல பாக்குறது சேனல் தேர்வு பண்ண எல்லாரும் பண்றதுதான். பாஸ்வேர்ட உடைக்கிறது, அனுமதி இல்லாம உள்ள போறது இதெல்லாம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ல 43ம் பிரிவுல வருது, கெட்ட எண்ணத்தோட பண்ணினதா ஆயிடுச்சுன்னா 66ம் பிரிவுப்படி மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லன்னா ரெண்டுமே கிடைக்கலாம். வீட்ல சும்மா கிடக்குற பழைய ரூட்டர எடுத்து நீங்களே ஒரு பாஸ்வேர்ட் போட்டு, உங்க ஃபோன சேத்து, அந்த நாலு மெசேஜையும் பிடிங்க. ரூட்டரோட பாதுகாப்பு முறைய டபிள்யூபிஏ 2ல வச்சீங்கன்னா உங்க பாஸ்வேர்டையும் வைஃபை பேரையும் குடுத்து வயர்ஷார்க்லயே உங்க டேட்டாவ பிரிச்சும் பாக்கலாம், டபிள்யூபிஏ 3ல அப்படி முடியாது, ஏன் முடியலன்னு தேடிப் படிச்சா அதுவே ஒரு வாரப் பாடம். கடைலயோ காலேஜ்லயோ பாக்கணும்னா பொறுப்புல இருக்குறவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு லேப்டாப்பத் தொறங்க.